கடுமையாக உதைக்கும் ரைஃபிளுக்கு ஸ்கோப் பொருத்துவது எப்படி: தேர்விலிருந்து ஸீரோயிங் வரை முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 ரைஃபிள் தூக்கியவர்களுக்கு ஸ்கோப் பொருத்துகிற வேலையே பழக்கமில்லை. 1.5 மடங்கு காட்டும் ஸ்கோப் அந்தத் துப்பாக்கியின் கைப்பிடியோடு சேர்ந்தே வருகிறது; ரேஞ்சில் ஸீரோயிங் (குறி வைத்த இடத்திலேயே தோட்டா விழும்படி சரிசெய்வது) பார்த்தால் முடிந்தது. அதன் உதையும் லேசு, ஏறக்குறைய 4 ஜூல். ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்துக்கு நீர் எருமை வேட்டைக்கோ, நமீபியா, தென்னாப்பிரிக்கா பக்கம் காட்டெருமை வேட்டைக்கோ போகிறவர் கையில் எடுக்கும் .375 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம் 47 ஜூல் அளவுக்கு உதைக்கும். .458 வின்செஸ்டர் மேக்னம் அதையும் தாண்டும். நியூசிலாந்தின் தென் தீவில் தார் ஆட்டுக்குப் பலர் எடுத்துப்போகும் .300 வின்செஸ்டர் மேக்னம்கூட 35 ஜூலைத் தொடும். இப்படிப்பட்ட துப்பாக்கியில் ஸ்கோப் தவறாக உட்கார்ந்தால், இரண்டாவது நாளே குறி எங்கோ போகும். அல்லது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும்.

முதலில் சட்டம். சிங்கப்பூரில் உரிமமில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. இங்கே சுடுகிறவர்கள் சங்க உறுப்பினர்களாக, பழைய சுவா சூ காங் ரோட்டில் இருக்கும் தேசிய சுடும் மையம் போன்ற இடங்களில், காவல்துறை விதிகளுக்கு உட்பட்டுத்தான் சுடுகிறார்கள். வேட்டைத் துப்பாக்கி என்பது போகிற நாட்டில் வாடகைக்கு எடுப்பது, அல்லது அங்கே உரிமம் உள்ள சொந்தக்காரர், நண்பர் வைத்திருப்பது. ஸ்கோப்பையும் அங்கேயே வாங்கி அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் சுத்தமான வழி. துப்பாக்கி ஸ்கோப்பை இங்கே வரவழைக்கவோ இங்கிருந்து கொண்டு போகவோ நினைத்தால், ஆர்டர் போடுவதற்கு முன் காவல்துறையின் உரிமப் பிரிவையும் சுங்கத்துறையையும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். ஆகவே கீழே சொல்லப்படும் வேலை எல்லாம் அந்த நாட்டில், அந்தத் துப்பாக்கியின் உரிமக்காரர் பக்கத்தில் இருக்க, செய்ய வேண்டியவை.

உதையின் கணக்கு

ஸ்கோப் ஏன் நகர்கிறது என்பது புரிந்தால் பாதி வேலை தானாகச் சரியாக நடக்கும். .375-இல் 300 கிரெய்ன் தோட்டா, அதாவது 19.4 கிராம், விநாடிக்கு 770 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. வெடிமருந்துப் புகையின் தள்ளலையும் சேர்த்தால், ஸ்கோப்போடு 4.3 கிலோ எடையுள்ள துப்பாக்கி விநாடிக்கு 4.7 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. இந்த வேகத்தை அது எட்டுவது சுமார் 2 மில்லி விநாடிக்குள். ஸ்கோப்பும் அதே நேரத்தில் அதே வேகத்தை எட்டியாக வேண்டும். அரை கிலோ ஸ்கோப்பை அப்படி இழுக்கச் சராசரியாக 1,200 நியூட்டன் விசை வேண்டும். அதாவது 120 கிலோ மூட்டையைத் தூக்குகிற விசை. உச்சத்தில் இன்னும் அதிகம். இதை முழுக்கத் தாங்குவது ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் இரண்டு ரிங்கும் சில குட்டி ஸ்க்ரூவும்தான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் வெளியே வருகிறது. ஒன்று, விசை ஸ்கோப்பின் எடைக்கு நேர் விகிதம். 700 கிராம் ஸ்கோப் போட்டால் 1,200 என்பது 1,650 நியூட்டன் ஆகிவிடும். இரண்டு, துப்பாக்கி பின்னால் ஓடும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. எனவே துப்பாக்கியிலிருந்து பார்த்தால் ஸ்கோப் முன்பக்கம், குழல் வாயை நோக்கி வழுக்குகிறது. எந்த முட்டும் எந்த இடைவெளியும் முன்பக்கத்தை நினைத்தே அமைய வேண்டும். இந்தத் திசையைத் தலைகீழாக நினைத்து ரிங்கைப் பின்னால் இழுத்து முடுக்குகிறவர்கள் நிறைய.

குழல் வாயில் பிரேக் பொருத்திய துப்பாக்கியில் இன்னொரு சிக்கல். தோட்டா வெளியேறியதும் புகை பக்கவாட்டில் அடித்துத் துப்பாக்கியை முன்னால் இழுக்கும். தோளுக்கு அது சுகம். ஸ்கோப்புக்கோ முன்னும் பின்னும் இரண்டு அடி. ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிளில் நல்ல ஸ்கோப்கூட உடைவதற்கும் இதே இருதிசை அடிதான் காரணம்.

எந்த ஸ்கோப்

கடையில் கண்ணைப் பறிப்பது உருப்பெருக்கம். அதைக் கடைசியில் பாருங்கள். முதலில் தராசு, பிறகு ஐ ரிலீஃப், அதற்குப் பிறகு மற்றவை.

எடை 500 கிராமுக்குள் இருக்கட்டும். 1-5, 1-6, 1.5-5 போன்ற மடங்குகளில், முன்பக்கம் விரியாமல் நேராக ஓடும் 20 அல்லது 24 மி.மீ. முன்லென்ஸ் ஸ்கோப்புகள் பெரும்பாலும் இந்த அளவுக்குள் கிடைக்கும். எருமையைச் சுடுவது 30 முதல் 100 மீட்டருக்குள். அங்கே 1 அல்லது 1.5 மடங்கில் இரண்டு கண்ணும் திறந்தபடி பார்க்கிற அகலம்தான் உயிர்காக்கும். 4-16 மடங்கு, 50 மி.மீ. முன்லென்ஸ் எல்லாம் இந்த வேலைக்குச் சுமை. தென் தீவு மலையில் 250 மீட்டரில் தார் சுட .300-க்குப் பொருத்துவதானால் 2-10 அல்லது 3-9, 40 மி.மீ. வரை போகலாம். அதற்கு மேல் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

ஐ ரிலீஃப் என்பது முழுப் படமும் தெரிய, பின்லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம். .375-க்கு 90 மி.மீ. குறைந்தபட்சம், 100 கிடைத்தால் நல்லது. விளம்பரத்தில் போட்டிருக்கும் எண் பல நேரம் மிகக் குறைந்த மடங்கில் எடுத்தது. மடங்கைக் கூட்டினால் அது சுருங்கும். இரண்டு எண்ணும் கொடுத்திருந்தால் சிறியதை வைத்துத் தீர்மானியுங்கள். கொடுக்கவில்லை என்றால் கடையிலேயே அதிக மடங்கில் வைத்து, ஒரு ஸ்கேலைக் கன்னத்தோடு பிடித்து அளந்து பாருங்கள். பின்லென்ஸ் விளிம்பில் ரப்பர் வளையம் இருப்பது கூடுதல் பாதுகாப்பு. அது ஐ ரிலீஃபுக்கு மாற்று ஆகாது.

டியூப் 30 மி.மீ. இருந்தால் 25.4 மி.மீ. டியூபைவிட ரிங்குக்குப் பிடிக்கும் பரப்பு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் எடையும் கூடலாம். இரண்டுமே வேலை செய்யும், எடை குறைந்ததை எடுங்கள். ரெட்டிகிள், அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறி, தடித்த கோடுள்ளதாக இருக்கட்டும். விடியற்காலைப் புதரில் முடி போன்ற மெல்லிய கோடு காணாமல் போய்விடும். .22 ரைஃபிளுக்கென்று விற்கும் ஸ்கோப்பைத் தொடவே வேண்டாம். உள்ளே குறியை இடத்தில் பிடிக்கும் எரெக்டர் ஸ்பிரிங் இந்த அடிக்குச் செய்யப்பட்டதல்ல, கண் அசைந்தாலும் குறி அசையாத பேரலாக்ஸ் தூரத்தையும் 50 மீட்டர் வாக்கில் அமைத்திருப்பார்கள்.

நேரான முன்பாகம் உள்ள டியூபின் மற்றொரு நன்மை, ரிங் தாழ்வாக இருக்கலாம். தாழ்வாக இருந்தால் கன்னம் துப்பாக்கியின் கட்டையில் (தோளில் வைக்கும் பாகத்தில்) நன்றாகப் பதியும். தலை தூக்கிச் சுட்டால்தான் ஸ்கோப் புருவத்தைத் தேடி வரும்.

பேஸும் ரிங்கும்

இந்த இடத்தில்தான் காசை மிச்சம் பிடிக்கிறார்கள், இந்த இடத்தில்தான் எல்லாம் கழல்கிறது.

துப்பாக்கியின் உடலிலேயே ரிங்குக்கான வெட்டு இருந்தால் மிக நல்லது. ரூகர் எம் 77, சிஇஸட் 550 இரண்டிலும் அப்படி. நடுவில் பேஸ் என்ற ஒரு துண்டும் அதன் ஸ்க்ரூக்களும் இல்லை. கழல்வதற்கு ஓர் இடம் குறைந்தது. பேஸ் வேண்டிய துப்பாக்கியானால் அதைப் பிடிக்கும் ஸ்க்ரூவின் அளவைக் கேளுங்கள். வழக்கமானது 6-48, தடிமன் 3.5 மி.மீ. .375-க்கு மேல் போனால் 8-40 ஸ்க்ரூவுக்குத் துளையைப் பெரிதாக்குவது வழக்கம். தடிமன் 4.2 மி.மீ., வெட்டுப்பரப்பு 40 சதவீதம் அதிகம். அந்தத் துளை வேலையை அங்குள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பிக்காட்டினி ரெயில் என்பது, குறுக்கே பள்ளங்கள் வெட்டிய பேஸ் பட்டைக்கு 1995-இல் அமெரிக்க ராணுவம் வகுத்த மில்-ஸ்டாண்டர்ட் 1913 அளவு. பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., ஒரு பள்ளத்திலிருந்து அடுத்தது 10.01 மி.மீ. பார்ப்பதற்கு அதுபோலவே இருக்கும் வீவர் பேஸில் பள்ளம் 4.57 மி.மீ.தான். வீவர் ரிங் பிக்காட்டினியில் உட்காரும், ஆனால் முன்னும் பின்னும் ஆட இடமிருக்கும். பிக்காட்டினி ரிங் வீவர் பேஸில் இறங்கவே இறங்காது. கடையில் இரண்டையும் ஒன்றாகப் பேசுவார்கள், நீங்கள் அளந்து வாங்குங்கள்.

நீள ரெயில் ஒன்றே போடுவதா, முன்னும் பின்னும் இரு துண்டா? உறுதிக்கு நீள ரெயில். ஆனால் எருமைத் துப்பாக்கியில் மேலிருந்து விரலால் தோட்டாவைத் திணிக்கும் வாய் திறந்திருக்க வேண்டும்; பதற்றமான நேரத்தில் ரெயில் விரலைத் தடுக்கும். .375, .416, .458-க்கு இரும்பில் செய்த இரு துண்டுப் பேஸ், .300-க்கு நீள ரெயில் என்பது நல்ல பிரிவு. பின் ரிங்கை இரு பக்கமும் எதிரெதிர் ஸ்க்ரூவால் நெருக்கிப் பிடிக்கும் பழைய வகைப் பேஸ் இந்த உதைக்கு வேண்டாம். அந்த இரண்டு ஸ்க்ரூவின் தலைகளே முழுச் சுமையையும் வாங்கித் தேய்ந்துபோகும்.

ரிங் இரும்பாக, ஒவ்வொன்றின் மூடியும் நான்கு ஸ்க்ரூவோடு இருக்கட்டும். அடியில் பள்ளத்தில் பொருந்தும் தடிப்பு சதுரமாக இருந்தால் உருண்டைக் கம்பியைவிட முட்டும் பரப்பு அதிகம். ஆபத்தான விலங்குக்குப் போகிறவர் லீவர் வைத்த, கழற்றி மாட்டும் ரிங்கை எடுப்பது நல்லது. மழையில் லென்ஸ் மங்கினாலோ அடிபட்டாலோ சில விநாடியில் கழற்றிவிட்டு இரும்புக் குறியால் சுடலாம். லீவர் இடப்பக்கம் வரட்டும், வலப்பக்கம் காலித் தோட்டாக் கூடு பறக்கும்.

பெட்டியில் போட வேண்டியவை

டார்க் ஸ்க்ரூடிரைவர் (முடுக்கும் அளவைக் காட்டுவது) ஒன்று, 1 முதல் 7 நியூட்டன் மீட்டர் வரை அளக்கக்கூடியது. சிம் லிம் டவரிலும் ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளிலும் தேடுங்கள். டி-10, டி-15, டி-20 டார்க்ஸ் பிட்டுகள், ஆலன் பிட்டுகள், ஒரு கட்டு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), இரண்டு சிறிய ரசமட்டம், தூக்குநூல், மாஸ்கிங் டேப், வெள்ளை பெயிண்ட் பேனா, நீல நிறத் திரெட்லாக்கர் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சிறு குப்பி. கருவிகளைக் கைப்பையில் வைக்காதீர்கள், சாங்கி விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். செக்-இன் பெட்டிக்குள் போகட்டும். கிரீஸ் துடைக்க அசிட்டோன் வேண்டும், அது தீப்பிடிக்கும் திரவம் என்பதால் விமானத்தில் ஏறாது. போய் இறங்கிய ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் கர்நாடக வயலின் கற்கும் பிள்ளை இருந்தால் வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் கட்டி இருக்கும். அதில் ஒரு சிட்டிகைத் தூள் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேலை பிறகு வரும்.

பேஸைப் பொருத்துவது

தோட்டா இல்லை என்று குழலின் தோட்டா அறையையும் மேகஸினையும் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டா அறையைத் திறந்து மூடும் போல்ட்டைக் கழற்றித் தனியே வையுங்கள். வேலை முடியும்வரை தோட்டாப் பெட்டி நீங்கள் இருக்கும் அறையிலேயே இருக்க வேண்டாம்.

பழைய பேஸைக் கழற்றி, ஸ்க்ரூ, துளை, பேஸின் அடிப்பாகம், துப்பாக்கியின் மேற்பரப்பு நான்கையும் அசிட்டோனில் துடையுங்கள். தொழிற்சாலையில் துருவுக்குப் பூசிய எண்ணெய் துளைக்குள் இருந்துகொண்டே இருக்கும், பஞ்சுக் குச்சி இரண்டு மூன்று கறுத்து வந்த பிறகுதான் சுத்தமாக வரும். எண்ணெய் மேல் போட்ட திரெட்லாக்கர் பிடிக்காது.

இப்போது ஒரு சோதனை. பேஸின் முன் ஸ்க்ரூவை மட்டும் லேசாக முடுக்கி, பின் முனையின் அடியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். 0.05 மி.மீ. தகடு நுழையாவிட்டால் நிம்மதி. நுழைந்தால் பேஸ் துப்பாக்கி மேல் முழுக்கப் படியவில்லை. அப்படியே முடுக்கினால் பேஸ் வளையும், ரிங்குகள் ஒன்றை ஒன்று பார்க்காமல் கோணும், அந்தக் கோணல் டியூபுக்குப் போகும். இதற்கு மருந்து எபாக்ஸிப் படுகை: துப்பாக்கி மேல் ஷூ பாலிஷ் மெழுகை மெல்லியதாகத் தேய்த்து, பேஸ் அடியில் இரும்புத்தூள் கலந்த எபாக்ஸி தடவி, ஸ்க்ரூவை இடம்காட்டும் அளவுக்கு மட்டும் வைத்து ஒரு நாள் உலரவிடுவது. துளைக்குள் எபாக்ஸி இறங்காதபடி ஸ்க்ரூவுக்கும் மெழுகு தடவ மறக்கக் கூடாது.

ஸ்க்ரூ நீளம் அடுத்தது. முன் பேஸின் முன் ஸ்க்ரூ நீளமாக இருந்தால் போல்ட்டின் முன்பற்கள் சுழலும் இடத்துக்குள் எட்டிப்பார்க்கும். போல்ட் மூடும்போது கரகரக்கும், அல்லது பாதியில் நிற்கும். ஒவ்வொரு ஸ்க்ரூவாக முடுக்கி, போல்ட்டைப் போட்டுத் திறந்து மூடிப் பாருங்கள். இடித்தால் ஸ்க்ரூவின் நுனியை அரத்தில் அரை அரைத் திருகாகக் குறையுங்கள். அதிகம் குறைத்தால் பிடிக்கும் மரை போய்விடும்.

எல்லாம் சரியென்றால் ஸ்க்ரூவில் நீலத் திரெட்லாக்கர் ஒரு சொட்டு. துளைக்குள் ஊற்றக் கூடாது. சிவப்பு வகை வேண்டாம், பிறகு கழற்ற நெருப்புக் காட்ட வேண்டிவரும். 6-48 ஸ்க்ரூவுக்கு 1.7 முதல் 2.3 நியூட்டன் மீட்டர், 8-40-க்கு 2.8 முதல் 3.2. தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அவர் சொன்னதே சரி. திரெட்லாக்கர் ஈரமாக இருக்கும்போது எண்ணெய் போலவும் வேலை செய்கிறது, அதனால் மேல் எல்லையை எட்ட முயலாதீர்கள். 24 மணி நேரம் ஆற வேண்டும், சுடுவது மறுநாள்.

ரிங்கைச் சீராக்குவது

ரிங்கின் கீழ்ப்பாதியை ரெயில் மேல் வைத்து, கட்டைவிரலால் முன்னால், குழல் வாய்ப் பக்கம், அது முட்டி நிற்கும்வரை தள்ளுங்கள். தள்ளியபடியே பிடித்துக்கொண்டு பக்கவாட்டு நட்டை முடுக்குங்கள். அரை அங்குல நட்டு வைத்த ரிங்குக்கு வழக்கமான அளவு 7 நியூட்டன் மீட்டர் வாக்கில். லீவர் வகைக்கும் சிறு ஸ்க்ரூ வகைக்கும் மிகக் குறைவு, பெட்டியில் உள்ள தாளைப் பாருங்கள். இப்படி முன்னால் முட்டவைக்காவிட்டால் முதல் நாலைந்து சூடு அந்த வேலையைத் தானே செய்துகொள்ளும். நீங்கள் ஸீரோயிங் செய்துகொண்டிருக்கும்போதே ரிங் நகர்ந்துகொண்டிருக்கும்.

ரிங்குகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா? தட்டையான முகமுள்ள இரண்டு உருளைக் கம்பிகளை ரிங்கில் ஒன்றுக்கு ஒன்று எதிரே வைத்துப் பார்த்தால் தெரியும். கூர்முனைக் கம்பியும் விற்கிறார்கள். முனை சேர்ந்திருந்தாலும் கோணம் தவறாக இருக்கலாம் என்பதால் அதை நம்ப முடியாது. கோணல் சிறிதாக இருந்தால் லேப்பிங்: சரியான தடிமனுள்ள இரும்புக் கம்பியில் 320 கிரிட் அரைப்புப் பசை தடவி, கீழ்ப்பாதி ரிங்குகள் மேல் முன்னும் பின்னும் தேய்ப்பது. இருபது முப்பது இழுப்புக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள். கறுப்புப் பூச்சு முக்கால் பங்கு பரப்பில் போய் வெள்ளி தெரிந்தால் நிறுத்திவிடலாம். நூறு சதவீதம் வேண்டுமென்று தேய்த்தால் ரிங் தளர்ந்துபோகும். பாலிமர் உள்வளையம் வைத்த ரிங்கையும், மேல்கீழாக இல்லாமல் இடவலமாகப் பிளந்த ரிங்கையும் லேப் செய்யக் கூடாது. எந்த ரிங் முன்னால், எந்த மூடி எந்தப் பக்கம் என்று அடியில் கீறி வைத்துக்கொள்ளுங்கள், இடம் மாறினால் செய்த வேலை வீண்.

முடிந்ததும் மறுபடி அசிட்டோன். ரிங்கின் உள்ளும் டியூபின் பிடிபடும் இடமும் காய்ந்து இருக்க வேண்டும். கீழ்ப்பாதி ரிங்குக்குள் ரோசின் தூளை விரலால் தொட்டு மெல்லிய படலமாகத் தடவுங்கள். முடுக்கும் விசையைக் கூட்டாமலே பிடியைக் கூட்டுகிற பழைய வழி இது.

ஸ்கோப்பை உட்கார வைப்பது

ஸ்கோப்பை வைத்து மூடிகளைக் கையால் நகர்த்தக்கூடிய அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். ரிங்குகளுக்கு இடையே தூரம் முடிந்தவரை அதிகம் இருக்கட்டும். டரெட் பெட்டியோடும் (குறியை நகர்த்தும் திருகுகள் உள்ள நடுப்பகுதி), டியூப் விரியத் தொடங்கும் இடத்தோடும் ரிங் ஒட்டக் கூடாது, 3 மி.மீ.யாவது விடுங்கள். முன் ரிங்கை டரெட் பெட்டியில் முட்டவைத்து வழுக்கலைத் தடுப்பவர்களும் உண்டு. அடி அந்த மெல்லிய தோளில் விழும் என்பதால் அதை நாங்கள் சொல்லமாட்டோம்.

மடங்கை உச்சத்துக்குத் திருப்புங்கள். ஸ்கோப்பை முழுக்க முன்னால் தள்ளிவிட்டு, கண்ணை மூடியபடி துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தை இயல்பாக வைத்துக் கண்ணைத் திறங்கள். படத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரியும். வளையம் மறைந்து படம் முழுதாக வரும் வரை மட்டும் பின்னால் இழுங்கள், அதற்கு மேல் ஒரு மில்லி மீட்டர்கூட வேண்டாம். நின்றபடி, உட்கார்ந்தபடி, எதன்மீதாவது சாய்ந்தபடி, படுத்தபடி நான்கிலும் பாருங்கள். படுத்தால் தலை ஓரிரு செ.மீ. முன்னால் போகும், புருவக் காயம் பெரும்பாலும் அங்கேதான். நான்கிலும் ஒத்துவராவிட்டால் முன்னால் இருக்கும் நிலையையே தேர்ந்தெடுங்கள்.

போடப்போகிற உடையோடு இதைச் செய்வது முக்கியம். டி-ஷர்ட்டோடு அளந்துவிட்டு, ஜூலை மாதத் தென் தீவில் தடித்த ஜாக்கெட் போட்டால் துப்பாக்கி ஓரிரு செ.மீ. முன்னால் தள்ளிப்போகும், படம் சுருங்கும். சுருங்கிய படத்தைத் தேடிக் கழுத்தை நீட்டுவார்கள்; காயம் அங்கே ஆரம்பிக்கிறது. போல்ட்டை முழுக்கத் திறந்து, அதன் கைப்பிடி பின்லென்ஸை உரசுகிறதா என்று மடங்கு வளையத்தை ஒவ்வொரு நிலையிலும் வைத்துப் பாருங்கள். முன்பாகத்துக்கும் குழலுக்கும் நடுவே 2 மி.மீ. காற்று இருக்கட்டும்.

ரெட்டிகிளை நேராக்க, ரசமட்டத்தை ரெயிலில் வைத்துத் துப்பாக்கியைச் சமப்படுத்துங்கள். 20 மீட்டர் தள்ளித் தூக்குநூலைத் தொங்கவிட்டு, ரெட்டிகிளின் செங்குத்துக் கோடு நூலோடு ஒட்டும்படி ஸ்கோப்பைத் திருப்புங்கள். டரெட் மூடி மேல் ரசமட்டம் வைத்துப் பார்ப்பது எளிது. ஆனால் மூடியும் உள்ளிருக்கும் கோடும் எப்போதும் ஒத்திருப்பதில்லை, நூலையே நம்புங்கள்.

இனி மூடிகளை முடுக்குவது. ஒரு ரிங்கில் இரண்டு திருப்பம், அடுத்ததில் இரண்டு, எதிரெதிர் மூலையாக, கால் கால் திருகாக. இரு பக்க இடைவெளியும் ஒன்றாக இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் அடிக்கடி பாருங்கள். ஒருபக்கம் மூடி மறுபக்கம் திறந்திருந்தால் முடுக்க முடுக்க ஸ்கோப் உருளும், நேராக்கிய கோடு சாயும். கடைசி அளவு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். இங்கே திரெட்லாக்கர் வேண்டாம், காய்ந்த மரையே போதும். முடுக்குவதற்கு முன்பும் பின்பும் மடங்கு வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பைவிட இறுக்கமாகத் திரும்பினால் டியூப் நசுங்குகிறது; ரிங் கோணலாக இருக்கிறது, அல்லது முடுக்கியது அதிகம். கழல்கிறதே என்று இன்னும் முடுக்குவது இந்த வேலையில் எல்லோரும் செய்யும் தவறு. கழல்வதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய் அல்லது கோணல்.

முன் ரிங்கின் முன் விளிம்பை ஒட்டி டியூபைச் சுற்றி மெல்லிய மாஸ்கிங் டேப், ஒவ்வொரு ஸ்க்ரூத் தலையிலிருந்தும் ரிங் வரை பெயிண்ட் பேனாவில் ஒரு கோடு. நகர்ந்தால் டேப்புக்கும் ரிங்குக்கும் நடுவே வெளி தெரியும், கழன்றால் கோடு உடையும்.

ஸீரோயிங்

போல்ட்டைக் கழற்றி, துப்பாக்கியை மணல்மூட்டையில் நிறுத்தி, குழல் வழியாக 25 மீட்டர் இலக்கின் நடுப்புள்ளியைப் பாருங்கள். துப்பாக்கி அசையாமல் டரெட்டைத் திருப்பி ரெட்டிகிளையும் அதே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். குழலுக்குள் செருகும் லேசர் கருவி பயன்படுத்தினால், அதை எடுத்துவிட்டோம் என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் தோட்டா போட வேண்டும். அது உள்ளே இருக்கச் சுட்டால் குழல் வெடிக்கும்.

முதல் சூடு 25 மீட்டரில். டரெட்டின் ஒரு படியான கால் எம்ஓஏ (கோண அளவு) கிளிக் 100 மீட்டரில் 7.3 மி.மீ. நகர்த்தும்; 25-இல் 1.8 மி.மீ.தான். 36 மி.மீ. வலப்பக்கம் விழுந்தால் 20 கிளிக் இடப்பக்கம். மில் என்ற கோண அளவில் 0.1 மில் கிளிக் என்றால் 25 மீட்டரில் 2.5 மி.மீ. திருப்பியதும் டரெட்டை ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டினால் உள் ஸ்பிரிங் ஒட்டியிருந்தாலும் இடத்துக்கு வரும். பிறகு 100 மீட்டருக்குப் போங்கள், மூன்று மூன்று சூடாக, குழல் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு.

ஸ்கோப் குழலிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் இருந்தால், .375-இல் 300 கிரெய்ன் தோட்டாவை 100 மீட்டருக்கு ஸீரோ செய்தால் 25 மீட்டரில் 1.3 செ.மீ. கீழே, 150-இல் 5 செ.மீ. கீழே விழும். எருமைக்கு இது போதும். 180 மீட்டர் ஸீரோ வேண்டுமென்றால் 100 மீட்டரில் 6 செ.மீ. மேலே வையுங்கள்; அப்போது 25-இல் ஏறக்குறைய புள்ளியிலேயே அடிக்கும்.

மேசையில் குனிந்து உட்கார்ந்து .458-ஐச் சுடாதீர்கள், உடல் பின்னால் போக இடமில்லாமல் முழு உதையையும் வாங்கும். உயரமான மேசையில் நின்றபடி, முன்கட்டை மணல்மூட்டையில் படிய, குழல் எதையும் தொடாமல் சுடுவது நல்லது. தோளுக்கும் கட்டைக்கும் நடுவே சிறிய மணல்பை வைக்கலாம். ஈயக் கட்டிகளால் கனமாக்கிய இரும்புச் சட்டத்தில் துப்பாக்கியைப் பூட்டிச் சுடும் கருவி தோளைக் காப்பாற்றும், ஆனால் துப்பாக்கி பின்னால் போக முடியாததால் கட்டை அதன் மெலிந்த கழுத்துப் பகுதியில் விரிசல் விடும், ஸ்கோப்பும் கூடுதல் அடி வாங்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சூட்டோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் கண் சிமிட்டி, ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கத் தொடங்குவோம், அந்தக் குறியை வைத்து டரெட்டைத் திருப்பினால் எல்லாம் கெடும்.

லீவர் ரிங் என்றால் ஸீரோ ஆனபின் ஸ்கோப்பைக் கழற்றி மாட்டி மூன்று சூடு, மறுபடி கழற்றி மாட்டி மூன்று. ஒவ்வொரு முறையும் முன்னால் தள்ளிவிட்டே லீவரை மூட வேண்டும். குறி ஓரிரு செ.மீ.க்குள் திரும்பி வராவிட்டால் அந்த ரிங்கைக் காட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்.

குறி அலைந்தால்

ஸ்கோப்பைக் குறை சொல்வதற்கு முன் கீழிருந்து மேலே வாருங்கள். முதலில் துப்பாக்கியின் உடலைக் கட்டையோடு பிடிக்கும் ஸ்க்ரூ: ஸ்க்ரூத் துளையில் உலோகப் பில்லர் (குழாய்) உள்ள கட்டைக்கு 6 முதல் 7 நியூட்டன் மீட்டர், பில்லர் இல்லாத மரக்கட்டைக்கு 4 வாக்கில். ஈரப்பதம் மாறினால் மரம் சுருங்கும், கடலோர ஊரிலிருந்து உள்நாட்டு வறட்சிக்குப் போகும் துப்பாக்கியில் இதுதான் முதல் சந்தேகம். அடுத்து பேஸ் ஸ்க்ரூவின் பெயிண்ட் கோடு, பிறகு ரிங், பிறகு டேப். எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, குறி இரண்டு இடத்தில் மாறி மாறி விழுந்தால், அல்லது கிளிக் திருப்பியது அப்போது நகராமல் அடுத்த சூட்டுக்குப் பின் நகர்ந்தால், ஸ்கோப்பின் உள் ஸ்பிரிங் போய்விட்டது. ரெட்டிகிள் தானாகச் சாய்ந்திருந்தாலும், லென்ஸுக்கு உள்ளே ஆவி படிந்தாலும் அதுவே. காட்டில் ரிப்பேர் கிடையாது. அதே ரிங்கில், ஏற்கெனவே ஸீரோ பார்த்து வைத்த இன்னொரு ஸ்கோப் பெட்டியில் இருந்தால் பயணம் தப்பும். உதிரி ஸ்க்ரூ நாலு, பிட் ஒன்று சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

ஸ்கோப் உங்களோடு அனுமதியோடு இங்கே வருகிறதென்றால் அலமாரியில் போடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் கேமரா லென்ஸில் பூசணம் பிடிப்பது போலவே ஸ்கோப்பின் வெளி லென்ஸிலும் பிடிக்கும். உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருப்பது வெளிப்பூச்சைக் காப்பாற்றாது. கேமராக்காரர்கள் வைக்கும் டிரை கேபினெட்டில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள்.

புறப்படும் முன் வேட்டைக்குப் போட்டிருந்த கால்சட்டை, ஜாக்கெட், முதுகுப்பை எல்லாவற்றின் பைகளையும் வெளியே இழுத்து உதறுங்கள். மறந்துபோன ஒரு தோட்டா, நினைவுக்கென்று எடுத்த காலிக் கூடு எதுவும் சாங்கிக்கு வரக் கூடாது.